15,000 இதழ்கள் என்றால் எத்தனை இதழ்கள்?

நூலகத்துக்கு மின்தரவுத்தளம், அதாவது ஆய்விதழ்களையும் கட்டுரைகளையும் கணினியில் தேடிப் படிக்கும் தொகுப்பு, விற்க வருபவர் காட்டும் முதல் பக்கத்திலேயே ஒரு பெரிய எண் இருக்கும். 15,000 இதழ்கள், 40 லட்சம் கட்டுரைகள், 100 ஆண்டுப் பின்னிதழ்கள் என்று. தேர்வுக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களும் நிதிப் பொறுப்பாளரும் தலையாட்டுவார்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியவர் நூலகர் ஒருவர்தான். விற்பனைத் தாளில் உள்ள எண்களிலேயே மிகக் குறைவாகத் தகவல் சொல்லும் எண் அது.

பெயர் மாறிய இதழ் ஒன்று மூன்று பெயர்களில் மூன்று இதழ்களாக எண்ணப்பட்டிருக்கும். 20 ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன இதழும் கணக்கில் உண்டு. வணிகச் செய்திமடல், மாநாட்டுத் தொகுப்பு, நிறுவன அறிக்கை எல்லாம் 'வெளியீடுகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ்களும் அதில் கலந்திருக்கும். இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சியவற்றிலும் பலவற்றுக்கு ஆய்வுச்சுருக்கம் மட்டுமே இருக்கும், முழுக் கட்டுரை இருக்காது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எண்ணியது சரிதான். எதை எண்ணினார்கள் என்று கேட்காதது நம் தவறு.

ஆகவே முதல் வேலை, தொகுப்பில் உள்ள இதழ்களின் பெயர்ப் பட்டியலை ஒரு எக்செல் கோப்பாகக் கேட்டு வாங்குவது. 'எங்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாமே' என்ற பதிலை ஏற்கக்கூடாது. தளத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் முடியும், வடிகட்டவோ ஒப்பிடவோ முடியாது. இப்படிப்பட்ட பட்டியல் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதற்கு 'கேபார்ட்' என்ற பொதுப் பரிந்துரை 2010 முதலே இருக்கிறது. ஒவ்வொரு இதழுக்கும் முழு உரை தொடங்கும் தேதி, முடியும் தேதி, தடைக்காலம் (புதிய இதழ்கள் எத்தனை மாதம் கழித்துக் கிடைக்கும் என்பது) எல்லாம் தனித்தனி நெடுவரிசையில் வர வேண்டும் என்கிறது அது. பட்டியல் கேட்டதும் அதைத் தரும் நிறுவனத்தைப் பற்றி எனக்கு உடனே நல்ல எண்ணம் வந்துவிடும். மூன்று வாரம் இழுத்தடிக்கும் நிறுவனத்திடம், நாளைக்கு ஒரு பழுது என்றால் என்ன நடக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பட்டியல் கைக்கு வந்ததும் தேதிகளைப் பாருங்கள். ஒரே இதழுக்கு நான்கு தேதிகள் இருக்கலாம். 1985 முதல் சுருக்கங்கள், 2001 முதல் முழு உரை, கடைசி 12 மாத இதழ்கள் தடைக்காலத்தில், 2016-க்குப் பிறகு எதுவுமில்லை, ஏனென்றால் அந்த ஆண்டில் வெளியீட்டாளர் இந்தத் தொகுப்பிலிருந்து விலகிவிட்டார். விளம்பரத் தாளில் இது '1985 முதல்' என்று மட்டும் வரும்.

தடைக்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலருடைய இதழ்களைத் திரட்டித் தரும் தரவுத்தளத்துக்கு ஒரு வெளியீட்டாளர் தன் இதழைக் கொடுக்கும்போது, புதிய இதழ்களை 6 மாதமோ 12 மாதமோ பிடித்துவைத்துக்கொள்வார். அப்போதுதான் நூலகங்கள் அவரிடம் நேரடிச் சந்தாவையும் விடாமல் வைத்திருக்கும். அதில் தவறு ஒன்றுமில்லை. 1995-ல் தொடங்கிய ஜேஸ்டோர் என்ற தளம், பழைய இதழ்களைக் காப்பதற்கென்றே உருவானது. அதில் பெரும்பாலான இதழ்களுக்கு 3 முதல் 5 ஆண்டு வரை 'நகரும் சுவர்' ஒன்று இருப்பது அதன் இயல்பு, அதாவது கடைசி சில ஆண்டு இதழ்கள் அதில் இருக்காது, ஆண்டுகள் போகப் போக அந்த எல்லையும் நகரும். வரலாறும் இலக்கியமும் படிப்பவருக்கு அந்தச் சுவர் பெரிய தொந்தரவு இல்லை. அதே 12 மாதத் தடை, சிகிச்சை முறை பற்றித் தேடும் மருத்துவருக்கான தொகுப்பில் இருந்தால் அதை வாங்கி என்ன பயன்? தடைக்காலம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்க முடியாது. யாருக்கு வாங்குகிறோம் என்பதோடு சேர்த்துத்தான் கேட்க முடியும்.

அடுத்து, ஏற்கெனவே நம்மிடம் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். இரண்டு தொகுப்புகளில் ஒரே இதழ் இருப்பது சாதாரணம். அதற்கு இரண்டு முறை பணம் கட்டுகிறோம். இதைக் கண்டுபிடிக்கத் தனி மென்பொருள்கள் இருக்கின்றன. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு இதழுக்கும் உள்ள ஐஎஸ்எஸ்என் என்ற தனி அடையாள எண்ணை வைத்து எக்செல்லிலேயே ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். ஆனால் இதழ் பெயர் ஒத்துப்போனால் மட்டும் 'இரட்டிப்பு' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒன்றில் 1998 வரை, இன்னொன்றில் 1999 முதல் என்று இருந்தால் அவை ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

பட்டியலை விட நம்பகமான இன்னொரு சோதனை உண்டு. கருவி எதுவும் வேண்டாம். கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் வாசகர்கள் எழுதிய ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் எடுங்கள். அவற்றின் மேற்கோள் பட்டியல்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 100 கட்டுரைகளைப் பொறுக்குங்கள். அந்த 100-ல் எத்தனை புதிய தரவுத்தளத்தில் முழுதாகக் கிடைக்கின்றன, அவற்றில் எத்தனை இப்போதே நம்மிடம் இல்லாதவை என்று எண்ணுங்கள். 15,000 இதழ்கள் என்று மார்தட்டிய தொகுப்பு இந்த 100-ல் 6 கட்டுரைகளை மட்டும் கூடுதலாகத் தரும். 300 இதழ்கள் மட்டுமே கொண்ட சிறிய துறைசார் தொகுப்பு 22 தரும். இப்படி நடப்பதற்குக் காரணம் புதிதல்ல. ஒரு துறையின் தேவையான கட்டுரைகளில் பெரும்பகுதி ஒரு சிறிய மைய இதழ்க் கூட்டத்திலேயே வருகிறது, அதைத் தாண்டிப் போகப் போக அதே அளவு கட்டுரைகளைப் பிடிக்கப் பல மடங்கு இதழ்கள் தேவைப்படும் என்று பிரிட்டிஷ் நூலகர் சாமுவேல் பிராட்ஃபர்ட் 1934-லேயே காட்டிவிட்டார். மையம் கையில் இருந்தால் பெரிய எண் தேவையில்லை. மையம் இல்லாமல் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாசகர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

இந்தச் சோதனையில் ஒரு குறை இருக்கிறது. வாசகர்கள் தங்களுக்குக் கிடைத்ததைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். நம்மிடம் இல்லாததால் படிக்கப்படாமலே போன கட்டுரை அந்த 100-ல் வராது. புதிதாகத் தொடங்கப்போகும் துறைக்கு இது உதவவே உதவாது. அங்கே அந்தத் துறை ஏற்கெனவே நன்றாக நடக்கும் வேறொரு நிறுவனத்தின் ஆய்வேடுகளைக் கடன் வாங்கிச் சோதிக்க வேண்டியதுதான்.

எதற்குப் பணம்?

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் உருவாக்கும் மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான மெட்லைன், பப்மெட் தளத்தில் 1997 முதல் உலகம் முழுவதுக்கும் இலவசம். கல்வித் துறைக்கான எரிக் தரவுத்தளமும் அப்படித்தான். ஆனால் இதே மெட்லைனையும் எரிக்கையும் வணிக நிறுவனங்கள் தங்கள் தளத்தில் ஏற்றிச் சந்தாவுக்கும் தருகின்றன, நூலகங்களும் வாங்குகின்றன. முதல் முறை கேட்பவருக்கு இது ஏமாற்று வேலை மாதிரித் தோன்றும். அப்படியில்லை. அங்கே விற்கப்படுவது தகவல் அல்ல, தேடும் வசதி. நான்கைந்து தரவுத்தளங்களில் ஒரே நேரத்தில் தேடலாம், நீளமான தேடலை வரி வரியாகக் கட்டலாம், கிடைத்ததிலிருந்து நம் சந்தா இதழின் முழு உரைக்கு நேரே போகலாம். ஒரு கேள்வியைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடித் திரட்டி மதிப்பிடும் மருத்துவக் குழுவுக்கு இவை தேவை. ஆண்டுக்கு இரண்டு கட்டுரை தேடும் இளங்கலை மாணவருக்கு பப்மெட்டே தாராளம். வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்குமுன், உள்ளடக்கத்துக்குப் பணம் தருகிறோமா, அதன் மேல் போர்த்திய தளத்துக்குத் தருகிறோமா என்று பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மூன்றாவதாக ஒன்றுக்கும் பணம் தருகிறோம், அது கண்ணுக்குத் தெரியாது: பொருள் வகைப்படுத்தும் உழைப்பு. 'மாரடைப்பு' என்று ஒருவர் தேடுகிறார். கட்டுரை எழுதியவர் அதற்கு வேறு மருத்துவப் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார். இருவரும் சந்திக்க வேண்டுமென்றால், நடுவில் யாரோ அந்தக் கட்டுரையைப் படித்து, கட்டுப்படுத்தப்பட்ட சொற்பட்டியலிலிருந்து ஒரு தலைப்பை அதன்மேல் ஒட்டியிருக்க வேண்டும். மெட்லைனில் 'மெஷ்' என்ற சொற்பட்டியல் இந்த வேலையைச் செய்கிறது. இந்த ஒட்டும் வேலையை அங்கே 2022 ஏப்ரல் முதல் கணினியே செய்கிறது, மனிதர்கள் தேவையான இடங்களில் சரிபார்க்கிறார்கள். எனவே எந்தத் தரவுத்தளத்தைப் பார்த்தாலும் 'தலைப்பு இடுவது யார், எப்படி?' என்ற கேள்வியைக் கேட்டு வைக்கலாம். பதில் சொல்லத் தெரியாமல் விற்பனையாளர் விழிப்பதும் ஒரு பதில்தான்.

டிரையல்

பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு மாதம் இலவசமாகப் பார்க்க விடுவார்கள். இந்த மாதத்தை வீணாக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விடுமுறையில் வைத்துக்கொள்வது. இன்னொன்று, எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பி 'பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்' என்று கேட்பது. வரும் கருத்து 'நன்றாக இருக்கிறது, வாங்குங்கள்' என்பதாக மட்டுமே இருக்கும். இலவசமாக வந்ததை யார் வேண்டாம் என்பார்கள்? அதற்கப்புறம் பணம் இல்லை என்று சொல்லும் கெட்ட பெயர் நூலகத்துக்கு.

ஐந்தாறு பேர் போதும். ஆனால் அவர்கள் கையில் உண்மையான கேள்விகள் இருக்க வேண்டும். கடந்த ஆண்டு உதவி மேசைக்கு வந்த கேள்விகளில் 20-ஐ எடுத்துக்கொண்டு, புதியதிலும் இப்போது இருப்பதிலும் ஒரே மாதிரி தேடிப் பார்க்கட்டும். எத்தனை விடைகள் வந்தன என்பதை விடுங்கள். முதல் இரண்டு திரைகளுக்குள் பயன்படுகிற விடைகள் எத்தனை, அவற்றில் மற்றதில் கிடைக்காதவை எத்தனை என்று குறித்துக்கொள்ளட்டும். ஓர் எழுத்தைத் தப்பாக அடித்துப் பார்க்கலாம். இரட்டை மேற்கோளுக்குள் ஒரு தொடரைப் போட்டால் அதை அப்படியே தேடுகிறதா, சொற்களைப் பிய்த்துப் போட்டுத் தேடுகிறதா என்று பார்க்கலாம். முக்கியமான ஐந்து இதழ்களின் ஆகப் புதிய இதழை வெளியீட்டாளர் தளத்தில் பார்த்துவிட்டு, அது தரவுத்தளத்தில் வந்துவிட்டதா என்றும் பார்க்கலாம். 'தினமும் புதுப்பிக்கப்படுகிறது' என்ற வாசகத்துக்கும் உண்மைக்கும் உள்ள தூரம் இதில் வாரக் கணக்கில் தெரியும்.

பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பானோடு உட்கார்ந்து ஒரு கட்டுரையைத் தேடி, திறந்து, படிக்க முடிகிறதா என்பதை அவரையே வைத்துப் பாருங்கள். தளம் அணுகல் விதிகளுக்கு உட்பட்டது என்று நிறுவனம் எழுதித் தந்த படிவம் இதற்கு ஈடாகாது. தளம் ஒழுங்காக இருக்கும், உள்ளே இருக்கும் பழைய பிடிஎஃப் வெறும் படமாக இருக்கும். திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க ஓர் எழுத்துகூட இல்லை.

இப்போது பல தளங்களில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒருவரும் சேர்ந்து வருகிறார். கேள்வி கேட்டால் பதிலைச் சுருக்கித் தருவார். அதைச் சோதிப்பது எளிது. ஒரே கேள்வியை மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை கேளுங்கள். பதிலுக்குக் கீழே காட்டும் கட்டுரைகளைத் திறந்து, அங்கே சொன்னது இங்கே இருக்கிறதா என்று படியுங்கள். பெரும்பாலும் இந்த வசதிக்குத் தனி விலை இருக்கும் என்பதால், அது இல்லாமலும் தரவுத்தளத்தை வாங்க முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

டிரையலில் தெரியாத ஒன்றும் இருக்கிறது. ஒருமுறை நாங்கள் மாதம் முழுக்கச் சோதித்து, எல்லோரும் பாராட்டி, ஒரு தரவுத்தளத்தை வாங்கினோம். வாங்கிய மறுவாரம் வீட்டிலிருந்து யாராலும் நுழைய முடியவில்லை. சோதித்ததெல்லாம் நூலகக் கட்டடத்துக்குள், ஐபி முகவரி வழியாக, அதாவது இது நூலகத்தின் இணைப்பு என்று தளமே அடையாளம் கண்டு உள்ளே விடும் முறையில். வெளியிலிருந்து வருபவருக்கு அந்தத் தளம் தனிக் கணக்கு கேட்டது, வெளியிலிருப்பவரை நூலகத்தின் வழியாக உள்ளே அனுப்பும் எங்கள் பிராக்ஸியோடு ஒத்துப்போகவில்லை. அது சரியாவதற்கு நான்கு மாதம் ஆனது. சந்தா மட்டும் முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் டிரையலில் முதல் சோதனையே ஒரு கைப்பேசி, ஒரு வீடு, நூலகத்தைச் சேராத ஒரு வைஃபை.

ஒரு பதிவிறக்கத்துக்கு எவ்வளவு?

1972-ல் டயலாக் என்ற கணினித் தேடல் சேவை வணிக முறையில் தொடங்கியபோது தேடலுக்கு நிமிடக் கணக்கில் கட்டணம். பயிற்சி பெற்ற நூலகர்தான் வாசகருக்காகத் தேடுவார், கேள்வியைத் தாளில் எழுதித் தயார் செய்துகொண்டு, இணைப்பைப் போட்டு, சடசடவென்று முடித்துவிடுவார். தவறான தரவுத்தளத்தைத் தேர்ந்தால் சில நிமிடக் காசு போகும், அவ்வளவுதான். இன்று ஆண்டுச் சந்தா, அதுவும் பெரும்பாலும் மூன்று ஆண்டு ஒப்பந்தம். தவறு செய்தால் மூன்று ஆண்டுக்கு அதைக் கட்டி அழ வேண்டும். தேர்வு வேலை இவ்வளவு கனமாகிப்போனதற்கு இந்த விலைமுறை மாற்றமும் ஒரு முக்கியக் காரணம்.

அதனால் எல்லோரும் பிடித்துக்கொள்ளும் அளவுகோல், ஒரு பயன்பாட்டுக்கு ஆகும் செலவு. சந்தாவைப் பதிவிறக்க எண்ணிக்கையால் வகுப்பது. சுலபமான கணக்கு, அதனாலேயே ஆபத்தானது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம், நாணயம் எதுவானாலும் சரி. பெரிய தொகுப்பின் சந்தா 6,00,000, ஆண்டுக்கு 12,000 பதிவிறக்கம், ஒன்றுக்கு 50. சிறிய தொகுப்பின் சந்தா 40,000, பதிவிறக்கம் 80, ஒன்றுக்கு 500. நிதிக் குழு சிறியதை வெட்டச் சொல்லும். இப்போது இரட்டிப்பைக் கழியுங்கள். பெரியதன் 12,000-ல் 9,000 பதிவிறக்கங்கள் நம்மிடம் வேறு வழியிலும் இருக்கும் இதழ்களிலிருந்து வந்தவை என்றால், அது தனியாகத் தருவது 3,000 மட்டுமே. ஒன்றுக்கு 200 ஆகிவிட்டது. சிறியதன் 80-ம் வேறெங்கும் கிடைக்காதவை. அந்த 80 கட்டுரைகளையும் தனித்தனியாக வாங்கினாலோ, வேறு நூலகத்திலிருந்து வரவழைத்தாலோ என்ன செலவாகும் என்று பார்த்த பிறகுதான் 500 அதிகமா குறைவா என்று சொல்ல முடியும். சில சமயம் வெட்டுவதுதான் சரி என்று அந்தக் கணக்கும் சொல்லும். ஆனால் அப்போது காரணத்தோடு வெட்டுகிறோம்.

பதிவிறக்க எண்ணிக்கையையும் அப்படியே நம்ப முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி எண்ணிக்கொண்டிருந்ததால்தான் 2002-ல் கவுன்டர் என்ற பொது அமைப்பு உருவாகி, எண்ணுவதற்கு விதிகள் வகுத்தது. 30 வினாடிக்குள் ஒரே இணைப்பை இரண்டு முறை அழுத்தினால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்பது போன்ற விதிகள். அதன் பிறகும் ஒரு ஓட்டை இருந்தது. சில தளங்களில் கட்டுரை முதலில் இணையப் பக்கமாகத் திறக்கும், வாசகர் அதிலிருந்து பிடிஎஃப் எடுப்பார், ஒரே வாசிப்பு இரண்டாகப் பதிவாகும். நேரே பிடிஎஃப் தரும் தளத்தில் ஒன்றாகத்தான் பதிவாகும். முதல் தளம் இரு மடங்கு பயன்படுவதாகத் தோன்றும். 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் பதிப்பு, ஒருவர் ஒரு அமர்வில் ஒரே கட்டுரையை எத்தனை வடிவில் எடுத்தாலும் ஒன்றாக எண்ணும் தனி அளவையைக் கொண்டுவந்தது. இரண்டு தளங்களை ஒப்பிடும்போது இந்த 'தனிக் கட்டுரை' எண்ணைத்தான் எடுக்க வேண்டும். தேடல் எண்ணிக்கையை விட்டுவிடலாம். நூலகத்தின் பொதுத் தேடல் பெட்டி பல தரவுத்தளங்களில் ஒரே நேரத்தில் தேடும்போது, யாரும் எட்டிப் பார்க்காத தரவுத்தளத்துக்கும் ஆயிரக்கணக்கில் 'தேடல்' ஏறும்.

இதே அறிக்கைகளில் நான் ஆவலாகப் பார்ப்பது இன்னொரு எண்ணை: மறுப்புகள். வாசகர் கேட்டு, உரிமம் இல்லாததால் தளம் திருப்பியனுப்பிய முயற்சிகளின் கணக்கு. நம்மிடம் இல்லாத எதை வாசகர்கள் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று இதழ் வாரியாகச் சொல்லும். கருத்துக் கணிப்பை விட இது நேர்மையானது, ஏனென்றால் இதில் யாரும் நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ளப் பதில் சொல்வதில்லை.

சுருக்கமும் மேற்கோளும் மட்டும் உள்ள தரவுத்தளங்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அங்கே பதிவிறக்க ஒன்றும் இல்லை. வாசகர் அதில் கண்டுபிடித்து, வேறொரு தளத்துக்குப் போய்ப் படிப்பார். புகழ் அந்தத் தளத்துக்குப் போகும். இப்படி வழிகாட்டிய தரவுத்தளத்தைப் பயன்பாடு இல்லை என்று வெட்டிய நூலகங்கள் உண்டு.

மொத்தமாக வாங்குவது

1996-ல் அகாடமிக் பிரஸ் என்ற பதிப்பகம் தன் இதழ்கள் அனைத்தையும் ஒரே விலைக்கு நூலகக் கூட்டமைப்புகளுக்குத் தரத் தொடங்கியதிலிருந்து, மொத்தத் தொகுப்பு என்பது வழக்கமாகிவிட்டது. இதை 'பிக் டீல்' என்று அழைத்துப் பரவலாக்கியவர் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக நூலகங்களின் தலைவராக இருந்த கென்னத் ஃபிரேசியர். 2001-லேயே இதில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்தார். ஒரு இதழுக்கு ஆகும் சராசரி விலை குறைவாகத் தெரியும் என்பது உண்மை. வேண்டாததை மட்டும் தனியே கழற்ற முடியாது என்பதும் உண்மை. ஆண்டுதோறும் விலை ஏறும், மொத்தப் பட்ஜெட் ஏறாது, அப்போது வெட்டு விழுவது தொகுப்புக்குள் இல்லாத சிறிய வெளியீட்டாளர்களின் மேல். ஆண்டுக்கு 5 சதவீத ஏற்றம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். 10 ஆண்டில் 100 என்பது 163 ஆகியிருக்கும். 7 சதவீதம் என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. விலைக்காகப் பேரம் பேசும்போது எல்லோரும் முதல் ஆண்டுத் தள்ளுபடியைப் பிடித்துத் தொங்குகிறார்கள். பிடிக்க வேண்டியது இந்த ஏற்ற விகிதத்தின் உச்சவரம்பை.

அடுத்தவர் என்ன விலைக்கு வாங்கினார் என்று கேட்கலாமே என்றால், ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி இருக்கும். அமெரிக்காவில் நான்கு பொருளியலாளர்கள் தகவல் பெறும் சட்டங்களின் கீழ் விண்ணப்பித்து, நூலகங்களின் ஒப்பந்தங்களைத் திரட்டி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தொகுப்புக்கு ஒத்த அளவுள்ள பல்கலைக்கழகங்கள் மிகவும் வேறுபட்ட விலைகளைக் கொடுத்துவந்தது தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழக நூலகம் 2011-லேயே, விலையை மறைக்கச் சொல்லும் ஒப்பந்தங்களில் இனிக் கையெழுத்திடுவதில்லை என்று அறிவித்துவிட்டது. எல்லா நூலகத்துக்கும் அந்தப் பலம் இருக்காது. ஆனாலும் அந்த ஒரு வரியை அடித்துத் தரச் சொல்லிக் கேட்பதில் நஷ்டம் எதுவுமில்லை, சிலர் அடித்தும் தந்துவிடுகிறார்கள்.

கையெழுத்துக்கு முன்

அச்சு இதழின் சந்தாவை நிறுத்தினால் பழைய இதழ்கள் அலமாரியிலேயே இருக்கும். மின்தரவுத்தளத்தை நிறுத்தினால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், பத்து ஆண்டு பணம் கட்டியிருந்தாலும் அன்று இரவே கதவடைத்துவிடும். இதுதான் நான் முதலில் படிக்கும் பகுதி. பலருடைய இதழ்களைத் திரட்டித் தரும் தொகுப்புகளில் இந்த நிரந்தர அணுகல் உரிமை அநேகமாக இருக்காது. வெளியீட்டாளரிடம் நேரடியாக வாங்கும் இதழ்களில் பேசிப் பெறலாம். பெற்றிருந்தால் எவ்வளவு கை கொடுக்கும் என்பதற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஒரு சாட்சி. 2019 பிப்ரவரியில் எல்செவியர் என்ற பெரிய வெளியீட்டாளருடன் சந்தாப் பேச்சு முறிந்து, 2021 மார்ச்சில் புது ஒப்பந்தம் வரும்வரை அவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், 2018 வரையிலான கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர்களிடம் நிரந்தர உரிமை இருந்தது.

உரிமை காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது. வெளியீட்டாளர் கடையை மூடினால் கோப்புகள் எங்கிருந்து வரும்? லாக்ஸ், போர்டிகோ போன்ற பாதுகாப்புக் களஞ்சியங்களில் இதழ்கள் சேமிக்கப்படுகின்றனவா என்று கேட்பது அதற்காகத்தான். காசு கொடுத்து நிரந்தரமாக வாங்கும் முறையே எத்தனை நாள் இருக்கும் என்பதும் தெரியாது. 2025 பிப்ரவரியில், நூலகங்களுக்குத் தரவுத்தளங்கள் விற்கும் கிளாரிவேட் நிறுவனம், மின்னூல்களையும் மின்தொகுப்புகளையும் ஒரே தடவைப் பணத்தில் நிரந்தரமாக விற்பதைப் படிப்படியாக நிறுத்தி முழுக்கச் சந்தா முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது. நூலகங்களின் எதிர்ப்புக்குப் பிறகு காலக்கெடுவைத் தள்ளிவைத்தது, திசையை மாற்றவில்லை.

மற்ற விதிகளில் 'அனுமதிக்கப்பட்ட பயனர்' யார் என்ற வரையறையை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். பகுதிநேர ஆசிரியர், ஓய்வு பெற்றவர், நூலகத்துக்குள் நடந்து வரும் பொதுமக்கள் ஆகியோர் அதில் இருக்கிறார்களா? வேறு நூலகத்துக்குக் கட்டுரை அனுப்பலாமா? ஒரே நேரத்தில் எத்தனை பேர்? ஆய்வாளர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை இறக்கிக் கணினியால் அலச அனுமதி உண்டா, அல்லது அப்படி இறக்கினால் முழு நிறுவனத்தின் இணைப்பும் துண்டிக்கப்படுமா? ஒப்பந்தக் காலத்தின் நடுவில் முக்கியமான இதழ்கள் தொகுப்பிலிருந்து விலகினால் பணத்தில் ஒரு பகுதி திரும்ப வருமா? வாசகர் என்ன தேடினார் என்ற தகவலை நிறுவனம் யாரிடம் தருகிறது? இவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் பதில் 'அதெல்லாம் பிரச்சினை வராது, பார்த்துக்கொள்ளலாம்' என்று வாய்மொழியாக வந்தால், அதையே ஒரு மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம், தானாகப் புதுப்பிக்கும் விதி. ஒப்பந்தம் முடிவதற்கு 60 நாளுக்கு முன், சிலவற்றில் 90 நாளுக்கு முன், எழுத்து மூலம் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் இன்னோர் ஆண்டுக்கு நீண்டுவிடும். பயன்பாட்டு அறிக்கை எல்லாம் தயார் செய்து, குழுவைக் கூட்டி, விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கும்போது அந்தத் தேதி கடந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். அதனால் தரவுத்தளம் வாங்கும் அன்றே நான் ஒரு பக்கத் தாள் எழுதிக் கோப்பில் வைக்கிறேன். யாருக்காக வாங்கினோம், 100 மேற்கோள் சோதனையில் எத்தனை கிடைத்தது, எதை விட்டுவிட்டு இதை வாங்கினோம், எந்த வாக்குறுதி மின்னஞ்சலில் இருக்கிறது. தாளின் தலையில், எல்லாவற்றுக்கும் மேலே, வேண்டாம் என்று சொல்ல வேண்டிய கடைசித் தேதி.